மூன்று மாதக் குழாய்

மருத்துவ அலட்சியம் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்ததைத்தான் சொல்வார்கள். நரம்பை வெட்டிவிட்டார்கள், பஞ்சை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள், மயக்க மருந்து கூடிப்போய்விட்டது என்பார்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்த அந்த அம்மாவின் கட்டைப் புரட்டினால் தியேட்டருக்குள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் கைதேர்ந்தவர். கருவி உயர்ந்த ரகம். வைத்த குழாயும் சரியான இடத்தில்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கென்று வைத்த அந்தக் குழாய் கிட்டத்தட்ட மூன்றரை வருடம் பித்தநாளத்திலேயே கிடந்தது. வழக்கு அதுதான்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நகரத்துச் சந்தடியெல்லாம் கிழக்குப் பக்கம். மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் அடி அண்ணாமலையார் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் உள்ள ஊர் வரும். நடந்து வருகிறவர்களுக்குக் கால் கெஞ்சத் தொடங்கும் இடம் அது. அங்கேதான் அந்த அம்மா பௌர்ணமி இரவுகளில் சுக்குக் காப்பியும் கேழ்வரகுக் கூழும் விற்றார். பௌர்ணமியில் கிடைப்பதை வைத்துத்தான் மற்ற நாட்களின் கணக்கு ஓடும். பித்தப்பையை வெகு நாட்களுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. 2017 ஆகஸ்டில் கண் மஞ்சளாகி, விலா எலும்புக்குக் கீழே வலி வந்தபோது, பித்தநாளத்தில் பெரிய கல் என்று ஸ்கேன் சொன்னது. வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் கையிலிருந்து பணம் போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வலி போன இடம் தெரியவில்லை.

அங்கே அவருக்குச் செய்தது இ.ஆர்.சி.பி. வழக்குக்காக அதைப் படித்தேன். படித்தது போதாதென்று, தெரிந்த குடல்நோய் மருத்துவர் ஒருவரிடம் போய்க் கருவியையே பார்த்தேன். “எவ்வளவு வேணும்னாலும் சொல்லித் தர்றேன் சார், சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீங்க” என்ற நிபந்தனையோடுதான் அலமாரியைத் திறந்தார். வழக்கமான எண்டோஸ்கோப்பில் கேமரா நுனியில் இருந்துகொண்டு முன்னால் பார்க்கும். டியோடினோஸ்கோப் என்ற இந்தக் கருவிக்குக் கண் பக்கவாட்டில். பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மேட்டில் திறக்கின்றன. நேரே பார்த்துக்கொண்டு போனால் அது சரியாகக் கண்ணில் படாது. அந்தப் பக்கக் கண்ணுக்கு அருகிலேயே உளுந்தளவில் ஒரு நெம்பி. கைப்பிடியில் உள்ள விசையைத் தள்ளினால் அது எழுந்து, உள்ளிருந்து வரும் மெல்லிய கம்பியைத் தூக்கி அந்தத் துவாரத்தின் பக்கம் திருப்பும். கம்பியின் குறுக்களவு 0.035 அங்குலம். பிறகு சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் நாளத்தைப் பார்ப்பார்கள். மின்சாரம் பாயும் கம்பியால் வாயைக் கொஞ்சம் கீறி அகலப்படுத்துவார்கள். பலூனையோ கூடையையோ விட்டுக் கல்லை இழுப்பார்கள். கம்பி தவறிக் கணையநாளத்துக்குள் திரும்பத் திரும்பப் போனால் கணையம் வீங்கிக்கொள்ளும். இந்தச் சிகிச்சைக்கு டாக்டர்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

1968இல் அமெரிக்காவில் மெக்யூன் என்ற அறுவை மருத்துவர் இந்த நாளத்துக்குள் முதன்முதலாகச் சாயம் செலுத்திய செய்தியை வெளியிட்டார். அப்போது அது படம் பிடிப்பதற்கான வழி மட்டும். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள் வாயைக் கீறிக் கல்லை எடுத்தன. 1980இல் ஹாம்பர்க்கிலிருந்து சோகேந்திரா என்ற மருத்துவர், அடைபட்ட நாளத்தில் பிளாஸ்டிக் குழாய் வைத்துப் பித்தத்தை வடியவிட்ட விவரத்தை எழுதினார். இன்று ஸ்டென்ட் என்று எல்லோரும் சொல்வது அதன் வழிவந்ததுதான். கல் பெரிதாக இருந்து ஒரே தடவையில் முழுக்க எடுக்க முடியாவிட்டால், மிச்சம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க இதை வைத்து அனுப்புவார்கள். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். பத்து பிரெஞ்சு அளவு, அதாவது 3.3 மில்லிமீட்டர் குறுக்களவு. நாள் ஆக ஆக அதன் உட்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டி, பித்தச் சேறு தேங்கி, குழாய் அடைந்துபோகும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிடு அல்லது மாற்று என்று ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. 2017லும் டாக்டர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்து பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை விழுந்தது. கடை போயிற்று. நவம்பரில் நிவர் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைல் கூழாகிப் போயிற்று. 2021 ஜனவரியில் குளிர்ஜுரம். அந்த நாட்களில் ஜுரம் என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், இல்லை என்றது. நம்பாமல் மறுபடி பார்த்தார்கள். கண் மஞ்சளாக ஆன பிறகுதான் ஸ்கேன். வயிற்று எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு கோடு. “எப்பம்மா ஸ்டென்ட் வெச்சாங்க?” என்று கேட்ட டாக்டரிடம் அவர் திருப்பிக் கேட்டாராம்: “அப்படின்னா இன்னா சார்?”

சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்கப் பார்த்தார்கள். இழுத்தபோது வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டு மட்டும் கையோடு வந்தது. மிச்சத்துக்கு வயிற்றைத் திறந்தார்கள். மகன் புத்திசாலி, எடுத்ததைக் கேட்டு வாங்கி ஒரு மருந்துப் புட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். விரல் நீளம்கூட இல்லை. எந்த நிறத்தில் உள்ளே போனதோ, இப்போது தாரின் கறுப்பு. அதன் நடுப்பகுதியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கல் வளர்ந்து, கொழுக்கட்டைக்குள் குச்சியைச் செருகினமாதிரி இருந்தது. தொட்டால் உதிர்ந்தது. தொடவே கூடாது என்று சொல்லி, மூடியில் அரக்கு வைத்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு, சான்றுப் பொருளாகப் போட்டேன்.

என்னுடைய ஜூனியருக்கு வேறு ஒரு யோசனை. டியோடினோஸ்கோப்பின் அந்த நெம்பிக்கு அடியில் இருக்கும் இடுக்கைச் சுத்தம் செய்வது கடினம். 2015இல் லாஸ் ஏஞ்சலிஸின் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த வழியாக மருந்துக்கு அடங்காத கிருமி பரவிய செய்தி உலகம் முழுக்க வந்தது. தொற்று விவரங்களை அமெரிக்க அரசுக்கு முறைப்படி தெரிவிக்காத குற்றத்தை ஒலிம்பஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் ஒப்புக்கொண்டு 8.5 கோடி டாலர் கட்டியது. அடுத்த ஆண்டே, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் டியோடினோஸ்கோப்புக்கு அங்கே அனுமதி கிடைத்தது. “சார், இதையும் சேர்த்துப் போடுவோம்” என்றான். 2017இல் உள்ளே போன கருவியிலிருந்து 2021இல் ஜுரம் வந்தது என்று நிரூபிக்க நம்மிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. நிரூபிக்க முடியாத ஒன்றைப் புகாரில் சேர்த்தால், நிரூபிக்கக்கூடியதன் மேலும் சந்தேகம் விழும். சேர்க்கவில்லை.

முதல் சிக்கல் காகிதம். 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும். அதே விதிகள், உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. நோட்டீஸுக்கு வந்த பதில்: “காலக்கெடு முடிந்ததால் ஆவணங்கள் அழிக்கப்பட்டன.” சட்டப்படி குறை சொல்ல முடியாது. உடம்புக்குள் வைத்த பொருள் இருக்கும்வரை அதைப் பற்றிய காகிதமும் இருக்கவேண்டும் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. இன்றும் அது எனக்கு ஆறாத கோபம்.

காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. பணம் கேட்டு மருத்துவமனை அனுப்பிய தாள்கள் அரசிடம் இருக்குமே! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அம்மாவின் பெயரிலேயே மனுப் போட்டோம். வந்த கட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. இரண்டாம் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒரு வரி: மூன்று மாதம் கழித்து ஸ்டென்ட் எடுக்க வரவும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “நீங்களே எங்க கேஸை நிரூபிச்சுட்டீங்களே சார்!”

எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த இரண்டு தாள்கள். ஒன்று, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடக்கூடாது, மட்டன் வேண்டாம் என்று தமிழில் அச்சடித்த உணவுக் குறிப்பு. மற்றது, தன்னிடம் பணம் எதுவும் வாங்கவில்லை, சிகிச்சை திருப்தி என்று அந்த அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம். அதில் அவருடைய செல்போன் எண்ணும் இருந்தது. தங்களுக்குக் கையெழுத்து தேவைப்பட்ட இடத்தில் மருத்துவமனைக்குத் தமிழ் வந்திருக்கிறது. மட்டனைப் பற்றிச் சொல்லவும் வந்திருக்கிறது. குழாயைப் பற்றி மட்டும் வரவில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய சட்டம் என்றால் மருத்துவமனை இருக்கும் ஊருக்குப் போய்த்தான் வழக்குப் போட்டிருக்கவேண்டும். புதிய சட்டத்தில் புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அதனால் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்தோம். சின்ன மாற்றம்தான். ஆனால் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறும் ஏழைகளுக்கு அதைவிடப் பெரிய சலுகை அந்தச் சட்டத்தில் இல்லை.

பதில் மனுவில் வழக்கமான தடைகள் எல்லாம் வந்தன. புதிய சட்டத்தில் மருத்துவம் சேவையே அல்ல என்றார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தை 2021 அக்டோபரில் தள்ளியது; 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. பணமே தராதவர் நுகர்வோர் ஆவாரா என்றார்கள். காப்பீடு கட்டணத்தை ஏற்றால் அது இலவசச் சேவை ஆகாது என்று 1995லேயே வி.பி. சாந்தா தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நிபுணர் சாட்சி எங்கே என்றார்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை என்ற 2010ஆம் ஆண்டு கிஷன் ராவ் தீர்ப்பைக் காட்டினேன். எடுக்கவேண்டிய குழாயை எடுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள நிபுணர் எதற்கு?

ஒரு கேள்வியை நானே விட்டுக்கொடுத்தேன். நாளத்துக்குள்ளேயே சின்னக் கேமராவை அனுப்பி, லேசரால் பெரிய கல்லை உடைக்கும் வசதி இருந்திருந்தால் 2017லேயே முழுக்க முடித்திருக்கலாம், அது இவர்களிடம் இல்லை என்று புகாரில் எழுதியிருந்தோம். நடுவில் பம்பாய் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு கருவி இயங்கவில்லை என்பதற்காக மருத்துவமனையை அலட்சியக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 நவம்பரில் சொல்லிவிட்டது. அது பழுதான கருவியைப் பற்றியது, இது இல்லாத கருவியைப் பற்றியது என்று வித்தியாசம் பிடித்து வாதாடியிருக்கலாம். மாவட்டத்துக்கு ஒன்றுகூட இல்லாத கருவி ஏன் உன்னிடம் இல்லை என்று கேட்பது எனக்கே நியாயமாகப் படவில்லை.

உண்மையான சண்டை காலக்கெடுவில். வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். குழாயை எடுத்திருக்கவேண்டிய 2017 நவம்பரிலிருந்து கணக்குப் போட்டாலும் 2019 நவம்பரில் முடிந்துவிட்டது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் காலக்கெடுவை நீட்டியது 2020 மார்ச் 15இலிருந்துதான். அதற்கு முன்பே செத்த வழக்குக்கு அது உயிர் தராது. இரண்டு தரப்பும் ஒரே தீர்ப்பை நகலெடுத்து நீட்டினோம். 2010இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஸ்ரீகண்டே வழக்கு. கோவாவைச் சேர்ந்த பெண் ஒருவருக்கு 1993இல் மும்பையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். 2002இல் வயிற்றிலிருந்து பஞ்சுத்துணி எடுக்கப்பட்டது. பாதிப்பு வெளியே தெரியாமல் இருந்தால், நோயாளி அதைக் கண்டுபிடித்த நாளில்தான், அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளில்தான் வழக்குமூலம் எழுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் வழக்கைத் தள்ளியது. காரணம், அவர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இத்தனை வருடம் வலி இருந்தும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போகாமல் இருந்தது நம்பும்படியாக இல்லை.

எதிர்த்தரப்பு தீர்ப்பின் முடிவைப் படித்தது. நான் காரணத்தைப் படித்தேன். அங்கே வலி இருந்தது. இங்கே அடைப்பு முற்றும்வரை வலியே இல்லை. அங்கே மருத்துவமனைக்குள்ளேயே வேலை பார்த்தவர். இங்கே கிரிவலப் பாதையில் கூழ் விற்பவர். நியாயமான கவனம் ஆளுக்கு ஆள் மாறும் என்றுதான் அந்தத் தீர்ப்பே அந்தப் பெண்ணைத் தோற்கடித்தது. ஆணையத் தலைவர், “பஞ்சு தெரியாமல் விடப்பட்டது, இது தெரிந்தே வைக்கப்பட்டது அல்லவா?” என்று கேட்டார். கூர்மையான கேள்வி. வைத்தவருக்குத் தெரியும், சுமந்தவருக்குத் தெரியாது. காலக்கெடு சுமந்தவருக்கு எதிராக ஓடுவது என்றேன். தாமதத்தை மன்னிக்கும் மனு ஒன்றையும் மாற்று ஏற்பாடாகப் போட்டு வைத்திருந்தேன். “தாமதம் இல்லை என்கிறவர் மன்னிப்பு எதற்குக் கேட்கிறார்?” என்று எதிர்த்தரப்பு கேலி செய்தது. அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நுகர்வோர் வழக்குகளில் பெரும்பாலும் நேரில் குறுக்கு விசாரணை கிடையாது. கேள்விகளை எழுதிக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கவேண்டும். பதிலை எதிர்த்தரப்பு வக்கீல் ஆற அமர எழுதுவார் என்பதால் சாதாரணமாக அதில் ஒன்றும் தேறாது. இந்த வழக்கில் தேறியது. நீங்கள் வைக்கும் ஸ்டென்ட்டுகளில் எது எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படவில்லை என்று காட்டும் பதிவேடு உண்டா? பதில்: “அத்தகைய பதிவேட்டை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை.” நோயாளியின் செல்போன் எண் உங்களிடம் இருந்ததா? “ஆம்.” டிஸ்சார்ஜுக்குப் பிறகு அந்த எண்ணுக்குப் பேசினீர்களா? “சேவை குறித்த கருத்தறிய ஒரு முறை பேசப்பட்டது.” அந்தப் பேச்சில் குழாயைப் பற்றிச் சொன்னீர்களா என்ற கேள்விக்கு, “நினைவில் இல்லை.”

வேறு எந்த மருத்துவமனையும் இப்படிப் பதிவேடு வைப்பதில்லை என்பதுதான் அவர்களுடைய கடைசி அரண். அலட்சியத்தை அளக்க, சக மருத்துவர்களின் வழக்கத்தை அளவுகோலாக 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வைத்திருக்கிறது. லேசாகத் தட்டிவிட முடியாது. நான் டாக்டரின் கையை விட்டுவிட்டு மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பிடித்தேன். புதிய சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்கான வரையறையில், செய்யாமல் விட்டதும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தகவலை வேண்டுமென்றே மறைப்பது என்ற பிரிவும் உண்டு. அதை நான் எடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

2023 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. தலைவர் புட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினார். புகார் காலக்கெடுவுக்கு உட்பட்டது. டாக்டர் மேல் குறை இல்லை, விடுவிப்பு. மருத்துவமனையின் சேவையில் குறைபாடு உண்டு. கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நஷ்டஈடு. மறுபரிசோதனைக்கே போகாதது புகார்தாரரின் பங்கு என்று அதிலும் ஒரு பகுதி கழித்திருந்தார்கள். டாக்டரை விடுவித்தது சரி. கழித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குழாய் இருப்பதே தெரியாது என்று ஒரு பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, அதை எடுக்க வரவில்லை என்று இன்னொரு பக்கத்தில் கழிப்பது எப்படிப் பொருந்தும்?

மருத்துவமனை, சட்டப்படி கட்டவேண்டிய பாதித் தொகையைக் கட்டிவிட்டுச் சென்னையில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. கழித்ததை எதிர்த்து நாமும் போகலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் அவர்கள் வக்கீலே சமரசத்துக்குப் பேசினார். தொகையில் சின்னக் குறைப்போடு உடனே தருகிறோம் என்றார்கள். ஒப்புக்கொண்டு, சமரச மனுவில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவருக்கும், எடுக்கவேண்டிய தேதியைத் தமிழில் தனித் தாளில் எழுதித் தரவேண்டும். பணத்தைப் பற்றி ஒரே போனில் முடிந்த பேச்சு இந்த வரியில் வாரக்கணக்கில் நின்றது. எழுதிக் கொடுத்தால் இதுவரை தராததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், மற்ற நோயாளிகளும் கிளம்புவார்கள் என்று அவர்கள் தரப்பில் பயம். வழக்கமாகத் தந்துகொள்கிறோம், மனுவில் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அந்த அம்மாவையும் மகனையும் ஆபீஸுக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். வரியை விட்டால் பணம் உடனே. பிடித்துக்கொண்டு நின்றால் எத்தனை வாய்தா என்று சொல்ல முடியாது. மகனுக்கு விட மனசில்லை. “எழுதித் தரச் சொல்லுங்க சார், எத்தினி பேரு வயித்துல இன்னும் கீதோ” என்றான். அந்த அம்மா அவனைக் கையமர்த்தினார்.

“அந்தத் தாளு அவங்களுக்கே தெரியும் சார், குடுக்கறதுன்னா குடுத்துட்டுப் போறாங்க. போன தீபத்துக்குக் கூட்டம் திரும்ப வந்துச்சு, எங்கிட்டதான் அண்டா இல்ல. எல்லாத்தியும் அடகு வெச்சாச்சு. இந்தத் தீபத்துக்காச்சும் கடை போடணும். எங்க கையெழுத்துன்னு காட்டுங்க.”

அந்த வருடம் கார்த்திகைத் தீபம் நவம்பர் 26. டிடி அதற்கு முந்தின வாரம் வந்தது. அந்த வரி இல்லாமல்தான் சமரச மனு பதிவாயிற்று.